உன் தங்கை பேர் வாங்கிவிட்டாள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முணுமுணுக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் தும்மல் இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். தொலைபேசியிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, புரிஞ்சுதும்மா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உட்கார்ந்து முழுசாகப் படி.

போன வருஷம் இதே மாதம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உன் தங்கை, நீ வைத்த பேராலேயே சொல்கிறேனே, நம் நண்டு, ஆறு வருஷம் பார்த்த அலுவலக வேலையை விட்டுவிட்டு இணையத்தில் பேர் வாங்கி விற்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நீ கேட்டது. "வெறும் பேரை வாங்கி வித்து ஒருத்தி வயித்தைக் கழுவ முடியுமாம்மா? நீ டீச்சர்தானே, அவளுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?" முப்பத்துமூன்று வருஷம் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். தெரியாத கேள்வி வந்தால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் வந்து படித்து, மறுநாள் மணி அடித்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுவேன். உன் கேள்விக்கு மட்டும் ஒரு வருஷம் கடத்திவிட்டேன். இப்போது பதில் கைவசம் இருக்கிறது, முடியும். உன் தங்கை தன் வயிற்றையும் கழுவி, மேற்கொண்டு இந்த வீட்டுக் கூரைக்கு ஓடும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஆகையால் உன் சிநேகிதர் அலுவலகத்தில் அவளுக்காக நீ பிடித்து வைத்திருக்கிற அந்த நாற்காலியில் வரும் ஒன்றாம் தேதி வேறு யாரையாவது உட்காரச் சொல். பந்தயம் என்ன என்று உனக்கே தெரியும். ஒரு வருஷத்துக்குள் அவள் இந்தத் தொழிலில் மட்டும் நின்று பிழைக்க முடியாவிட்டால் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னிடம் வந்து அந்த வேலையில் சேர வேண்டும், முடிந்துவிட்டால் நீ அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. கெடு முடியப் பத்தொன்பது நாள் பாக்கி இருக்கும்போதே அவள் ஜெயித்துவிட்டாள். எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன், அவசரப்படாதே.

டொமைன், அதாவது இணையதளத்துக்கு வைக்கிற முகவரிப் பேர், என்றால் என்ன என்று உனக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை, ஆனால் எனக்கு எப்படி விளங்கியது என்று சொன்னால்தான் மேலே போக முடியும். ஒரு வருஷம் என் வகுப்பில் ஒரே பேரில் நான்கு பெண்கள் இருந்தார்கள். நெட்டையானவள், கண்ணாடிக்காரி, ஜன்னலோரம், பேச்சுக்காரி என்று அடையாளம் வைத்து ஒப்பேற்றினேன். இணையத்தில் அந்த வசதி கிடையாதாம். ஒரு பேருக்கு உலகத்திலேயே ஒரே ஆள்தான். முதலில் பதிந்தவருக்கு அது சொந்தம், வருஷா வருஷம் ஒரு சின்னக் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டால் அவரிடமே இருக்கும், கட்ட மறந்தால் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி, யார் வேண்டுமானாலும் பிடித்துக் கட்டிக்கொள்ளலாம். நண்டு தினமும் காலையில் பல் தேய்த்ததும் செய்கிற வேலை, நேற்று எந்தெந்த மாடு அவிழ்ந்தது என்று பார்ப்பதுதான். ஆயிரம் பேரில் ஒன்று தேறும் என்பாள். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் பேர் தேவைப்படுகிற ஆள் வரும்வரை காத்திருப்பாள். வருகிறவர் நாளைக்கும் வரலாம், நாலு வருஷம் கழித்தும் வரலாம். அவளுடைய தொழிலில் பாதி, காத்திருப்பது. அது எனக்குப் பிடித்துப்போனது. ஆசிரியர் வேலையும் அப்படித்தானே.

அப்பா ஒரு யோசனை சொன்னார். நம் தெரு முனையில் ரொட்டிக் கடைக்காரர் இருக்கிறார் இல்லையா, அவர் கடைப் பேரை நாம் முன்கூட்டியே பதிந்துவைத்துக்கொண்டால் நாளைக்கு அவர் நம்மிடம்தானே வர வேண்டும் என்று. சொல்லிவிட்டுப் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி என்னைப் பார்த்தார். நண்டு கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, அது அவர் பேரு. அடுத்தவங்க பேரைப் பிடிச்சு வெச்சு விக்கிறதுக்கு வியாபாரம்னு சொல்ல மாட்டாங்க, வேற பேரு இருக்கு. நான் எடுக்கிறதெல்லாம் பொதுச் சொல்லு, அகராதியில இருக்கிறது, யாருக்கும் சொந்தம் இல்லாதது" என்றாள். அன்றைக்கே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் இரண்டு நாள் முகம் உப்பியிருந்தது.

ஆனால் ஆரம்பத்தில் நிலைமை மெச்சும்படி இல்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் தையல் இயந்திரம் இருந்த பின்கட்டு அறையைத்தான் அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை, வெளியே துணி காயும் கொடி, சுவரில் கிளிப்பு மாட்டிய தாள்கள், தாள் முழுக்கப் பேர்கள். முதல் மாதம் ஆசையில் நாற்பது பேர் வாங்கிக் குவித்தாள், அதில் முப்பத்தைந்து சொத்தை. இரண்டு சொல்லை ஒட்டவைத்தால் பேர் ஆகிவிடும் என்று நினைத்திருந்தாள், பாவம். மூன்று மாதம் ஒன்றுகூட விற்கவில்லை. அப்பா காலையில் காபி டம்ளரோடு அறை வாசலில் நின்று, "பேரு வியாபாரியம்மா, போணி ஆச்சா?" என்று கேட்பார். அவளும் சளைக்காமல், "இன்னும் கடையே கூட்டலைப்பா, தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்பாள். அத்தை வந்தபோது பொண்ணு என்ன பண்றா என்று கேட்டாள், நான் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று இழுத்தேன். அந்த "ஏதோ" அவள் காதில் விழுந்துவிட்டது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. வாரா வாரம் நீ கூப்பிட்டு முதல் கேள்வியாக, "என்ன, எப்ப வேலைக்கு வர்றே?" என்று கேட்பதும், அவள் "இரு, அம்மாகிட்ட தரேன்" என்று தொலைபேசியை என் கையில் திணிப்பதும் அப்போதுதான் தொடங்கியது. பத்து மாதமாக அண்ணனும் தங்கையும் அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நின்று தொலைபேசி வாங்கி வாங்கி எனக்குக் கை ஓய்ந்துவிட்டதப்பா.

நாலாவது மாதம்தான் முதல் பேர் விற்றது. சின்னத் தொகை. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. வருகிறது, ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நீ சொன்னது அதைத்தான், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் தெரியாமல் குடும்பம் நடத்த முடியாது என்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நண்டுவும் அதை ஒப்புக்கொண்டாள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவள் வாங்கிய பேர்களில் ஒன்று மழைநாள். நல்ல சொல், சின்னச் சொல், கேட்டால் காதுக்குக் குளிர்ச்சி. இதை ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தாள், இரண்டு விதமாக. ழ வருகிற இடத்தில் இசட் எச் போட்டு ஒன்று, வெறும் எல் போட்டு இன்னொன்று. சுவர்த் தாளில் அந்த எல் போட்டதைப் பார்த்ததும் எனக்குக் கை நமநமத்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து வட்டம் போட்டு, ஓரத்தில் பிழை என்று எழுதிவிட்டேன். வந்து பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, இது விடைத்தாள் இல்லை." நான் விடவில்லை. "எல் போட்டா அது மலைநாள் ஆயிடும்டி, மலைக்கு ஏதுடி நாளு?" என்றேன். "ஜனங்க எப்படி அடிப்பாங்களோ அதுதான்மா எனக்குச் சரி, உங்க இலக்கணம் இங்க செல்லாது" என்றாள். மொழிப் பாடம் நடத்தியவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் நீயே சொல். ஒரு வாரம் அந்த வட்டத்தை நானும் அழிக்கவில்லை, அவளும் அழிக்கவில்லை.

பிறகு, மழைநாள் மாதிரி அவள் வேலையில் இருந்தபோதே ஆசைக்கு வாங்கி வைத்திருந்த சில பேர்களைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. சிக்கனம் செய்ய வேண்டியிருந்ததால் சில பேர்களைக் கைவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி, கன்னம் வீங்கி, பல் மருத்துவர் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கட்டணம் கட்டக் கடைசி நாளும் அதுதான். நான் வீட்டில், எனக்கு எப்படிப் புதுப்பிப்பது என்று முன்பே பழக்கிக் கொடுத்திருந்தாள், கணினி முன்னால் கண்ணாடியோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். பல்லைப் பிடுங்கிய கையோடு அங்கிருந்தே கூப்பிட்டாள். வாயில் பஞ்சு. மற்றதையெல்லாம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள், இந்த ஒன்றைத்தான் முடிவு செய்யாமல் விட்டிருந்தாள். "மழநாளு... அந்த எல்லு... எதுத்துதும்மா" என்றாள். எடுத்துடும்மா என்கிறாள் என்று புரிந்தது. மறுபடி கேட்டேன், "எடுத்துடவா?" "ம்ம், எதுத்துது" என்று வைத்துவிட்டாள். நீயே சொல், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? இந்த வீட்டில் பத்து மாதமாக எடுப்பது என்றால் வாங்குவது என்றுதான் அர்த்தம். இன்னைக்கு ரெண்டு பேர் எடுத்தேன், அது நல்ல பேரு, எடுத்துடணும், இப்படித்தான் அவள் பேசுவாள், நானும் மெனக்கெட்டு அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டிருந்தேன். அதனால், மனசுக்குள் இந்தப் பிழைக்குப் போய்க் காசு கொட்டுகிறாளே என்று வயிறெரிந்துகொண்டு, அந்த எல் போட்ட மழைநாளையும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். அவள் வீட்டுக்கு வந்து சுவர்த் தாளில் அந்த வரியை அடித்தாள். அடிக்கிறாளே என்று பார்த்தேன், வேலை முடிந்தது என்பதற்காக அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் அப்போது இருநூற்றுச் சொச்சம் பேர், கணக்கில் ஒன்று கூடுதலாக நின்றது அவள் கண்ணிலும் படவில்லை.

போன மாதம் ஒரு நாள் முற்பகலில் அவளுக்கு ஒரு தொலைபேசி. அடுப்படியில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது, அப்படி ஒரு குரல். குடை செய்கிறவர். குழந்தைகளுக்கான மழைக்கோட்டு புதிதாகத் தைக்கப் போகிறாராம், அதற்கு மழைநாள் என்று பேர் வைத்துவிட்டாராம், இணையத்தில் தேடினால் அது உன் பேரில் இருக்கிறதே பொண்ணு என்றார். விலை கேட்பார் என்று பார்த்தால், "நேர்ல வா. முகம் பாக்காம நான் குடைக்கம்பிகூட வாங்கினது இல்லை" என்றார். நண்டு ஒரு துண்டுத் தாளில் தன் விலையை எழுதி என்னிடம் காட்டினாள், நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அங்கே போய் ஆளைப் பார்த்ததும் விலை ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது, அதற்குத்தான் என்றாள். துணைக்கு நானும் கிளம்பினேன்.

நீண்ட கொட்டகை. ஒரு பக்கம் தையல் இயந்திரங்கள் வரிசையாக, ஒரு பக்கம் தரை முழுக்க விரித்த குடைகள், கைப்பிடி மாட்டுகிறவர்கள் அதன் நடுவில் தாமரைக் குளத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் லேபிள் கட்டுக் கட்டாக, மழைநாள் என்று அச்சடித்தே விட்டிருந்தார் மனுஷன். அதைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, இனி இவர் பின்வாங்க முடியாது, எவ்வளவு கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நண்டுவைப் பார்த்தேன். அவள் லேபிளைப் பார்த்தாள், பையைத் திறக்கவில்லை. முதலில் அவள் சொன்னது என்ன தெரியுமா? "ஐயா, இந்த ஒண்ணை மட்டும் வாங்கினா உங்களுக்குப் பத்தாது. பேரைக் காதால கேட்டவங்க பாதிப் பேர் எல் போட்டுத்தான் அடிப்பாங்க." குடைக்காரருக்கு வந்ததே கோபம். "தமிழ் தெரியாதவங்களா என் வாடிக்கைக்காரங்க? உன் சரக்கு ரெண்டையும் என் தலையில கட்டப் பாக்கிறே." அவள் அசரவில்லை. "அந்த எல் போட்டது இப்ப என்கிட்ட இல்லைங்க, ரெண்டு மாசம் முன்னாடியே விட்டுட்டேன். நீங்களே வழக்கமான கட்டணம் கட்டிப் பதிஞ்சுக்கலாம், எனக்கு ஒரு காசு வேண்டாம். நஷ்டப்படாதீங்கன்னுதான் சொல்றேன்." அவர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?" "அவ அம்மா. மொழி டீச்சரா இருந்தேன்." "அப்ப நீங்க சொல்லுங்க டீச்சரம்மா, ழவுக்கு யாராவது எல் போடுவாங்களா?"

போடக் கூடாது என்றுதான் என் வாயில் வந்தது. ஆனால் தெரியாததைச் சொல்லக் கூடாது இல்லையா. "சொல்வதெழுதுதல் வெச்சுப் பாத்துடலாம்" என்றேன். கொட்டகையில் இயந்திரமெல்லாம் நின்றுவிட்டது. பதினாலு பேர், ஆளுக்கொரு லேபிள் முதுகு. கைபேசியில் எப்படித் தட்டுவீர்களோ அப்படி ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், ஒரே ஒரு தரம்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு மழைநாள் என்றேன், ழவை நாக்கு மடித்து நன்றாகவே உச்சரித்தேன், என் பக்கம் எந்தக் குறையும் இல்லை. ஒருத்தி "டீச்சர், மார்க் உண்டா?" என்றாள். கைப்பிடி மாட்டுகிற நரைத்த தலைக்காரர் பக்கத்து ஆள் பார்த்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். "ஏய், என்னைப் பார்த்து எழுதாதே" என்று பின்வரிசையில் சண்டை. வாங்கிப் பார்த்தால், பதினோரு பேர் எல். இரண்டே இரண்டு பேர் இசட் எச். ஒருவர் மொழிபெயர்த்து ரெயின் டே என்று எழுதியிருந்தார், பரவாயில்லை, கவனம் இருந்திருக்கிறது. குடைக்காரர் கையிலும் ஒரு தாள் இருந்தது, கேட்காமலே அவரும் எழுதியிருக்கிறார். கொடுக்க மாட்டேன் என்றார். தையல்காரி ஒருத்தி எட்டிப் பிடுங்கிவிட்டாள். எல்! "அவசரத்துல எழுதினேன்" என்றார். "உங்க வாடிக்கைக்காரங்களும் அவசரத்துலதான் எழுதுவாங்க" என்று நண்டு சொன்னதும் கொட்டகையே சிரித்தது. முப்பத்துமூன்று வருஷத்தில் எத்தனையோ சொல்வதெழுதுதல் நடத்தியிருக்கிறேன், எழுதினவர்களில் பெரும்பாலோர் தப்பு, ஆனால் டீச்சர்தான் தோற்றாள் என்று ஆனது இதுதான் முதல் தடவை. தோற்றது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"சரி, அதையும் இப்பவே பதிஞ்சு குடு" என்றார். நண்டு கைபேசியில் தேடினாள். முகம் மாறியது. யாரோ வைத்திருக்கிறார்கள் என்று வந்தது. பிறகு யார் என்று பார்த்தாள், இன்னும் அதிகமாக மாறியது. "அம்மா. இது நம்ம கணக்குலயே இருக்கு." "இருக்காதா பின்னே, நீதானேடி எடுக்கச் சொன்னே?" "எடுக்கன்னா பட்டியல்லேர்ந்து எடுக்கச் சொன்னேன்மா! வேண்டாம், விட்டுடுன்னு அர்த்தம்!" "நீ தினமும் எடுக்கிறேன் எடுக்கிறேன்னா வாங்குறேன்னுதானே அர்த்தம்? பஞ்சை வாயில வெச்சுக்கிட்டு இலக்கணம் பேசறியா?" பேர் விற்க வந்த இடத்தில் நாங்கள் இருவரும் நின்று சண்டை போடுகிறோம், குடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். "பொண்ணு, இல்லாததை இருக்குன்னு சொல்லி விக்கிறவங்களைப் பாத்திருக்கேன். இருக்கிறதை இல்லைன்னு சொல்லி விக்க வந்தவங்களை இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றார். அப்போதுதான் நண்டு பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்து விரித்து அவர் முன்னால் வைத்தாள். எவ்வளவு என்று நான் எழுத மாட்டேன், உனக்கு அதை அவள் வாயால் சொல்லட்டும். நான் பார்த்த அதே தாள், லேபிளைப் பார்த்த பிறகும் ஒரு சுழிகூட ஏறவில்லை. இன்னொன்றுக்கு என்ன என்று கேட்டார். நான், அது தப்பாக எடுத்ததுதானே, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மேசைக்கு அடியில் என் கால் விரல் மேல் ஒரு மிதி. நண்டு என்று சரியாகத்தான் பேர் வைத்தாய். "அதுக்கு இதுல பாதி" என்றாள். அவர் வெளியே மேகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார். அவள் தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். கடைசியில், "மொத்தமா தர முடியாது, மாசா மாசம் தரேன், மூணு வருஷம்" என்றார். நண்டு சரி என்றாள்.

அந்த "மாசா மாசம்" என்ற வார்த்தைதான் மகனே உன் கேள்விக்குப் பதில். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அவள் எனக்கு விளக்கினாள். பேரை ஒரே அடியாக விற்காமல் தவணையில் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் பாரம் இல்லை, முழுத் தவணையும் முடிகிறவரை பேர் அவள் பேரிலேயே இருக்கும், நடுவில் நின்றுவிட்டால் பேர் திரும்ப வந்துவிடும். ஏற்கெனவே மூன்று பேர்களை அப்படித்தான் கொடுத்திருக்கிறாளாம், என்னிடம் சொல்லாமல், நாலாவது அமையட்டும் என்று காத்திருந்தாளாம். இப்போது நாலும் சேர்ந்தால், அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும், மாதா மாதம் வருவது நீ பார்த்து வைத்த வேலையின் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. மேற்கொண்டு விற்பதெல்லாம் அதற்கு மேலே. அதோடு நிற்கவில்லை. குடைக்காரர் அவருக்குத் துணி கொடுக்கிறவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, இந்த மாதம் மூன்று பேர், நாங்கள் தொழில் தொடங்குகிறோம், நல்ல பேர் தேடிக் கொடு என்று தாங்களாகவே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பேரையும் வாங்குவதற்கு முன்னால் இப்போது எங்கள் வீட்டில் சொல்வதெழுதுதல் நடக்கிறது. அப்பா, நான், தபால்காரர், காய் கொண்டுவருகிற அம்மாள் எல்லோரும் எழுத வேண்டும். நாலு பேரும் ஒரே மாதிரி எழுதினால்தான் அந்தப் பேரை வாங்குவாள். அப்பாதான் அதிகம் தப்பு விடுகிறார், ஆனால் தாளைத் திருத்திக் கொடுத்தால் கோபம் வருகிறது.

அப்பா மாறிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் இப்போதும் டம்ளரோடு வாசலில் நிற்கிறார், ஆனால் "முதலாளியம்மா, உள்ள வரலாமா?" என்று கேட்கிறார். போன வாரம் அத்தை மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டாள், பொண்ணு என்ன பண்றா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, "பேர் வாங்கறா" என்றார். "நல்ல பேரா?" என்றாள் அத்தை. "எல்லாம் நல்ல பேருதான், உனக்கு ஒண்ணு வேணுமா?" என்றார். அறைக்குள்ளிருந்து நண்டு சிரித்த சத்தம் கேட்டது. அப்பா பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது.

நீ வருத்தப்படுவாயோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம். நீ சொன்னதும் தங்கை மேல் இருக்கிற அக்கறையில்தான், நானும் உன் பக்கம் பாதி சாய்ந்துதான் இருந்தேன். அந்தக் கெடு இல்லாவிட்டால் அவள் தவணை, மாதாந்தம் என்றெல்லாம் யோசித்திருக்கவே மாட்டாள், எப்போதாவது விற்கிற ஒன்றை நம்பிக்கொண்டே இருந்திருப்பாள் என்று அவளே சொன்னாள். உனக்குச் சொல்லாதே என்றும் சொன்னாள், அதனால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

வேறு சேதி என்றால், சமையலறைக் குழாய் மாற்றியாகிவிட்டது, இனிச் சொட்டாது. என் கண்ணாடியின் பவர் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான், பயப்பட ஒன்றும் இல்லை. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்று என்று போன கடிதத்திலேயே எழுதினேன், மாற்றினாயா இல்லையா என்று நீ பதில் எழுதவில்லை, எழுதாவிட்டால் மாற்றவில்லை என்றுதானே அர்த்தம். பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறாள் என்று மருமகள் சொன்னாள். திட்ட வேண்டாம், தினம் ஐந்தே ஐந்து சொல், விளையாட்டு மாதிரி, அவள் சொல்ல நீ எழுது, வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக எழுது, அவள் கண்டுபிடிக்கட்டும். அப்பாவைத் திருத்துகிற குஷியில் பிள்ளை தானாகப் படித்துவிடும். மருமகள் வேலை முடிந்து வந்ததும் உடனே அடுப்பண்டை போய் நிற்காமல் பத்து நிமிஷம் உட்காரச் சொல், அந்தப் பத்து நிமிஷம் அடுப்பண்டை நீ நில்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனசுக்கு நிறைவாக, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நூறு வருஷம் இருக்க வேண்டும். என் ஆசியும் அப்பாவின் ஆசியும் எப்போதும் உங்களோடு. உன் சிநேகிதரிடம் மரியாதையாகச் சொல்லிவிடு, நல்ல மனுஷர், இடத்தை இத்தனை நாள் காலியாக வைத்திருந்தார், மறந்துவிடாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை என் எண்ணுக்குக் கூப்பிடாதே. அவள் எண்ணுக்குக் கூப்பிடு. எடுத்ததும், வேலையைப் பற்றி எதுவும் பேசாமல், "இந்த வாரம் என்ன பேர் வாங்கினே?" என்று கேட்டுப் பார்.

ஒரு கண்ணை உன் மேலும் ஒரு கண்ணை உன் தங்கை மேலும் வைத்திருக்கிற,
அம்மா